கீரை மூட்டிய கலகம்

கீரை என்றால் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அவ்வளவாகப் பிரியம் இல்லை. "இன்றைக்கும் கீரைதானா?" என்று அவர்கள் முகத்தைச் சுளிப்பதும், "கண்ணுக்கு நல்லது, பேசாமல் சாப்பிடு" என்று பாட்டி ஒரு கரண்டி அதிகமாகவே போடுவதும் வீடுதோறும் நடக்கிற காரியம். இவ்வளவு சாதுவான நமது முளைக்கீரைக்கும் தண்டுக்கீரைக்கும் அமெரிக்கா தேசத்தில் ஒரு தமக்கை இருக்கிறாள். அவள் சாதுவல்ல. அவளை அடக்கப் புறப்பட்ட முயற்சியில் அண்டை அயலாருக்குள் பகை மூண்டது. பெரிய கம்பெனிகள் கோர்ட்டுப் படி ஏறின. சர்க்கார் கொடுத்த அநுமதி இரண்டு தடவை ரத்தாயிற்று. ஒரு விவசாயி உயிரையும் இழந்தார். இந்தக் கதையை நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும். கதை நடந்த இடம் வெகு தூரம். ஆனால் அதன் சாரம் வயலும் வரப்பும் உள்ள எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

மேற்படி தமக்கைக்குப் பால்மர் அமரந்த் என்று பெயர். அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள பாலைப் பிரதேசந்தான் அவள் பிறந்தகம். அங்கே வாழ்ந்த ஆதிக்குடிகள் அதன் இலையைச் சமைத்தும் விதையை மாவாக்கியும் உண்டு வந்தார்கள். பாலையில் எப்போதாவதுதான் மழை பெய்யும். பெய்த சில நாட்களுக்குள் முளைத்து, வளர்ந்து, விதைத்துவிட வேண்டும். அந்த அவசரம் அதன் பிறவிக் குணமாகிவிட்டது. நீரும் எருவும் நிறைந்த வயலுக்குள் இச்செடி புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோடைக் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு அங்குலம் வளரும். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றிலே போகும். தடையின்றி வளர்ந்த ஒரு பெண் செடி லட்சக்கணக்கான விதைகளை உதிர்க்கும். விதையோ கசகசாவைப் போல் மிகப் பொடியானது.

இந்தச் செடி எந்த வயலில் புகுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பருத்தி வயலிலும் சோயா மொச்சை வயலிலும் புகுந்தது. அமெரிக்காவில் 2017-ம் வருஷம் சோயா பயிரிட்ட நிலம் ஏறக்குறைய 9 கோடி ஏக்கர். சோயாவுக்கு விதைத்த முதல் நாலைந்து வாரந்தான் கண்டம். அதற்குள் களையை அடக்கிவிட்டால், பிறகு பயிரே இலை பரப்பித் தரையை மூடிக் களைக்கு வெயில் கிடைக்காமல் செய்துவிடும். அந்த முதல் மாதத்தில் அசட்டையாக இருந்தால் விளைச்சலில் பெரும் பங்கு களைக்கே போய்ச் சேரும். 'களை பிடுங்காப் பயிர் கால் பயிர்' என்று நம் முன்னோர் கணக்குப் போட்டுச் சொன்னது சோயாவுக்கும் சரியாகவே பொருந்துகிறது.

முன் காலத்தில் அமெரிக்க விவசாயி கொத்தியாலும், வரிசைகளின் நடுவே செல்லும் கலப்பையாலும் களை எடுத்தான். 1940-களில் 2,4-டி என்னும் களைக்கொல்லி வெளிவந்தது. அது ஓர் அதிசய மருந்து. சோளம், கோதுமை, நெல் முதலிய புல் ஜாதிப் பயிர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அகன்ற இலையுள்ள செடிகளை முறுக்கிக் கொன்றுவிடும். தானிய விவசாயிகள் மகிழ்ந்தார்கள். சோயா விவசாயியால் மாத்திரம் மகிழ முடியவில்லை. ஏனென்றால் சோயாவே அகன்ற இலைச் செடி. களைக்கு நஞ்சு எதுவோ, அதுவே பயிருக்கும் நஞ்சாகிவிட்டது.

அப்படியானால் சோயாவுக்கு மருந்தே இல்லையா? உண்டு. இங்கேதான் பயிரின் சகிப்புத் தன்மை என்ற விஷயம் வருகிறது. ஒரே மருந்து ஒரு செடியைக் கொன்று இன்னொரு செடியை விடுவதற்குக் காரணங்கள் பல. முதலாவது, மருந்து போய்ச் சேரும் இடம். மேல் மண்ணிலே தங்கும் மருந்து, அங்கே முளைக்கும் பொடி விதைக் களையைக் கொல்லும். ஆழத்தில் ஊன்றிய பெரிய விதை தப்பிக்கும். இரண்டாவது, ஜீரண சக்தி. சில மருந்துகளைச் சோயாச் செடி தன் உடம்புக்குள்ளேயே விரைவில் உடைத்துத் தீங்கற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. களைச் செடிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பெண்டஸோன், இமாஸெதாபிர் என்ற மருந்துகள் சோயா வயலில் பயன்படுவது இந்தக் காரணத்தினால்தான். மூன்றாவது, மருந்து தாக்கும் உறுப்பின் அமைப்பே பயிரில் வேறாக இருப்பது.

ஜீரண சக்தி என்றால் அதற்கு ஓர் எல்லை உண்டல்லவா? மெட்ரிபுஸின் என்ற மருந்தின் சரித்திரம் இதை நன்கு விளக்கும். 1970-களில் அது சோயா வயல்களில் வழக்கத்துக்கு வந்தது. ஒரு விவசாயியின் வயலில் களை மடிந்து பயிர் செழித்தது. பக்கத்து விவசாயியின் வயலிலோ களையும் மடிந்தது, பயிரும் மடிந்தது. மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. விசாரித்துப் பார்த்ததில், சோயாவிலேயே சில ரகங்களுக்கு அந்த மருந்தைத் தாங்கும் சக்தி இருப்பதும், சிலவற்றுக்கு இல்லாதிருப்பதும் தெரியவந்தது. டிரேஸி என்ற பெயர் பெற்ற ரகம் அதைத் தாங்கவில்லை. விஞ்ஞானிகள் அதிலிருந்தே தாங்கக்கூடிய செடிகளைப் பொறுக்கியெடுத்து, டிரேஸி-எம் என்ற ரகத்தை வெளியிட்டார்கள். ரகத்தைத் தவிர மண்ணையும் பார்க்க வேண்டியிருந்தது. உவர்ப்பான மண்ணிலும், மக்கு குறைந்த மணற்பாங்கான மண்ணிலும் அந்த மருந்து பயிரை அதிகமாகத் தாக்கிற்று. மருந்து, ரகம், மண், மழை ஆகிய நான்கையும் அறிந்து நடக்க வேண்டியதாக இருந்தது அந்தக் காலத்து விவசாயம். சிரமமானதுதான், ஆனால் அறிவுக்கு அதில் வேலை இருந்தது.

அந்தச் சிரமம் ஒரு நாள் தீர்ந்துபோயிற்று. கிளைபோஸேட் என்ற பொருள் செடிகளைக் கொல்லும் என்பதை மான்ஸாண்டோ கம்பெனியின் ரசாயன நிபுணர் ஜான் ஃபிரான்ஸ் 1970-ல் கண்டுபிடித்தார். 1974-ல் ரவுண்டப் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. செடிகள் தமக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தாமே தயாரித்துக் கொள்கின்றன. அந்தத் தயாரிப்பில் ஈடுபட்ட ஓர் என்ஸைமை இம்மருந்து கட்டிப்போட்டுவிடும். செடி பட்டினியால் மடியும். இதற்குப் புல் என்றும் கீரை என்றும் பேதமில்லை. பயிர் என்றும் களை என்றும் பேதமில்லை.

எல்லாவற்றையும் கொல்லும் மருந்தைப் பயிரின் தலைமேல் தெளிப்பது எப்படி? விடை வெகு விசித்திரமான இடத்தில் கிடைத்தது. லூயிஸியானா மாகாணத்தில் லூலிங் என்னுமிடத்தில் கிளைபோஸேட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று உண்டு. அதன் கழிவில் ஒரு பாக்டீரியா சௌக்கியமாக வாழ்ந்து கொண்டிருந்தது. அந்த மருந்தினால் கட்டிப்போட முடியாத என்ஸைம் அதனிடம் இருந்தது. அதை உண்டாக்கும் மரபணுவை எடுத்துச் சோயாவில் புகுத்தினார்கள். 1996-ல் அந்த விதை விற்பனைக்கு வந்தது. விதைத்தான், தெளித்தான், வீட்டுக்குப் போய்ப் படுத்துக் கொண்டான். காலையில் எழுந்து பார்த்தால் பயிர் மாத்திரம் நிற்கிறது! இப்படித்தான் விவசாயிகள் அக்காலத்தைப் பற்றிப் பேசினார்கள். மருந்து வேலை செய்யச் சில நாட்கள் ஆகும் என்பதைத் தவிர, அதில் பெரிய மிகை ஒன்றும் இல்லை. 1997-ல் அமெரிக்கச் சோயா நிலத்தில் 17 சதவிகிதத்தில் களைக்கொல்லியைத் தாங்கும் விதை விதைக்கப்பட்டது. 2001-ல் அது 68 சதவிகிதம். 2014-ல் 94 சதவிகிதம்.

இந்த வெற்றியிலேயே தோல்வியின் வித்தும் இருந்தது. கோடிக்கணக்கான ஏக்கரில், வருஷந்தோறும், ஒரே மருந்தைத் தெளித்தார்கள். கோடானு கோடிக் களைச் செடிகளில் ஏதோ ஒன்று தற்செயலாக அதைத் தாங்கக் கூடியதாக இருக்கத்தானே செய்யும்? மற்றவையெல்லாம் மடிந்த பிறகு, அந்த ஒன்றின் சந்ததிக்கு வயல் முழுவதும் சொந்தமாகிவிடும். 2000-ல் டெலவேர் மாகாணத்துச் சோயா வயல்களில் குதிரைவால் களை என்ற ஒரு செடி கிளைபோஸேட்டுக்கு மடியவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஜார்ஜியா மாகாணத்தில் நமது கீரைத் தமக்கையும் அந்த வித்தையைக் கற்றுக் கொண்டாள். 2005-ல் அது ருசுவாயிற்று. எப்படிக் கற்றாள் என்பதை 2010-ல் விஞ்ஞானிகள் கண்டு வியந்தார்கள். மருந்து எந்த என்ஸைமைக் கட்டிப்போடுகிறதோ, அதை உண்டாக்கும் மரபணுவையே அந்தச் செடி பல படிகளாகப் பெருக்கி வைத்திருந்தது. சில செடிகளில் நூற்றுக்கு மேற்பட்ட படிகள்! காவலர் பத்துப் பேரைக் கட்டிப்போட்டாலும் நூறு பேர் வேலை செய்து கொண்டிருந்தால் என்ன செய்வது?

ஆகவே கம்பெனிகள் வேறொரு பழைய மருந்தைத் தேடி எடுத்தன. டைகாம்பா என்பது அதன் பெயர். 1960-களிலிருந்து சோள வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் அது உபயோகத்தில் இருந்தது. செடிகளின் வளர்ச்சியை ஒழுங்கு செய்யும் ஆக்ஸின் என்ற பொருளைப் போல் வேஷமிட்டு உள்ளே புகுந்து, கட்டுக்கடங்காத வளர்ச்சியை மூட்டிச் செடியைக் கொல்வது அதன் வழி. நெப்ராஸ்கா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் இம்மருந்தை உடைக்கும் மரபணு ஒன்றை ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்துச் சோயாவில் புகுத்தி, 2007-ல் அதை வெளியிட்டார்கள். அந்த வகைச் சோயா விதை 2016-ல் விவசாயிகளுக்கு விற்கப்பட்டது.

டைகாம்பாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தெளித்த இடத்தில் அது தங்காது. காற்றடிக்கும்போது துளியாகப் பறப்பது ஒரு புறம் இருக்கட்டும். தெளித்து முடித்து வீட்டுக்குப் போன பிறகும், சூடான நாளில் ஆவியாக எழும்பி அடுத்த வயலுக்குப் போகும். சாதாரணச் சோயா அதனிடம் எவ்வளவு பலவீனமானது என்றால், வழக்கமான அளவில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு பட்டாலும் இலையில் குறி தெரிந்துவிடும். தளிரிலைகள் கிண்ணம் போல் குவிந்து சுருங்கும். லேசாகப் பட்டால் பயிர் தேறிவிடலாம்; பூக்கும் சமயத்தில் பட்டால் விளைச்சலே குறையும்.

2016-ல் நடந்தது இதைவிட விபரீதம். விதை விற்பனைக்கு வந்துவிட்டது. அதன்மேல் தெளிப்பதற்கென்று செய்த, குறைவாக ஆவியாகும் புது மருந்துக்கோ சர்க்கார் அநுமதி அந்த வருஷம் நவம்பரில்தான் கிடைத்தது. பயிர்க் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. கையில் விதை இருக்கிறது. வயலில் களை ஆள் உயரம் நிற்கிறது. சிலர் சட்டத்துக்கு விரோதமாகப் பழைய டைகாம்பாவையே தெளித்துவிட்டார்கள். மிஸௌரி மாகாணத்தின் தென்கோடியிலும் ஆர்க்கன்ஸாவின் வடகிழக்கிலும் பக்கத்து வயல்கள் சுருண்டன. அந்த ஆண்டு அக்டோபரில், மேற்படி இரு மாகாணங்களின் எல்லையை ஒட்டிய ஒரு சாலையில், மருந்து பறந்து வந்ததைப் பற்றி இருவருக்குள் வாக்குவாதம் மூண்டது. ஒருவர் விவசாயி, மற்றவர் வேறொரு பண்ணையில் வேலை பார்த்தவர். விவசாயி சுடப்பட்டு இறந்தார். 2017 டிசம்பரில் ஜூரிகள் சுட்டவரைக் கொலைக் குற்றவாளி என்று தீர்மானித்தார்கள். 24 வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. களையெடுப்பதில் தொடங்கிய விஷயம் இரண்டு குடும்பங்களின் நாசத்தில் முடிந்தது.

புது மருந்து வந்த பிறகாவது அமைதி உண்டாயிற்றா? இல்லை. 2017-ல் சாதாரணச் சோயா 36 லட்சம் ஏக்கரில் பாதிக்கப்பட்டதாக மிஸௌரி சர்வகலாசாலையின் களை நிபுணர் கெவின் பிராட்லி கணக்கிட்டார். நாடு முழுவதும் 2,700-க்கு மேற்பட்ட புகார்கள் விசாரணையில் இருந்தன. ஆர்க்கன்ஸாவில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம். அந்த மாகாண சர்க்கார் ஜூலை மாதத்தில் இம்மருந்தை 120 நாட்களுக்குத் தடை செய்தது.

இதில் மனத்தை மிகவும் உறுத்தும் அம்சம் ஒன்று உண்டு. பல விவசாயிகள் அடுத்த வருஷம் டைகாம்பாவைத் தாங்கும் விதையையே வாங்கினார்கள். களைக்குப் பயந்து அல்ல, பக்கத்து வயல்காரருக்குப் பயந்து! அவர் தெளிக்கும் மருந்து எப்படியும் நம் வயலுக்கு வரும். நம் பயிர் அதைத் தாங்குவதாக இருந்தால்தான் பிழைக்கலாம் என்ற எண்ணம். ஒருவன் தன் விருப்பப்படி ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இவ்விதம் வரப்பைத் தாண்டி வந்த காற்றோடு போய்விட்டது. சோயாக்காரனுக்காவது வாங்குவதற்கு ஒரு விதை இருந்தது. தக்காளிக்காரனும் திராட்சைக்காரனும் எந்த விதையை வாங்குவார்கள்? மிஸௌரியில் பீச் மரத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2020 பிப்ரவரியில் ஜூரிகள் 26½ கோடி டாலர் கொடுக்கும்படி சொன்னார்கள். ஜட்ஜ் அதை 7½ கோடியாகக் குறைத்தார். 2022-ல் மேல் கோர்ட்டு நஷ்ட ஈட்டை உறுதி செய்து, தண்டத் தொகையை மாத்திரம் மறுபடி விசாரிக்கச் சொல்லிற்று.

2020 ஜூன் மாதத்தில் ஒரு மேல்முறையீட்டுக் கோர்ட்டு டைகாம்பா அநுமதிகளையே ரத்து செய்தது. தீர்ப்பில் கூறிய காரணங்களில் ஒன்று நமது கவனத்துக்கு உரியது. இம்மருந்தினால் கிராம சமூகத்தின் ஒற்றுமை கிழிபடும் என்ற அபாயத்தைச் சர்க்கார் இலாகா எண்ணிப் பார்க்கவே இல்லை என்பது அது. மருந்தின் விஷத்தை எலியிலும் மீனிலும் சோதிக்கிறோம். அயலாரின் நட்பில் அதைச் சோதிக்கும் வழக்கம் இல்லையே! அதே ஆண்டு அக்டோபரில் புதிய நிபந்தனைகளுடன் மறுபடி அநுமதி கிடைத்தது. 2024 பிப்ரவரியில் அரிஸோனாவிலுள்ள கோர்ட்டு அதையும் ரத்து செய்தது. அத்துடனும் விவாதம் நின்றபாடில்லை. இதற்கிடையில், டென்னஸீ மாகாணத்தில் டைகாம்பாவுக்கும் மடியாத பால்மர் கீரை தோன்றிவிட்டது என்று 2020-லேயே அங்குள்ள சர்வகலாசாலை அறிவித்தது. இத்தனை சண்டைக்கும் காரணமான ஆயுதம் அதற்குள் மழுங்கத் தொடங்கிவிட்டது.

மருந்து வேண்டவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வயலில் இறங்கி வேலை செய்யாத நாம் அப்படிச் சொல்வது எளிது. நாள் முழுவதும் குனிந்து களையெடுப்பவர்களின் இடுப்பு வலி நமக்குத் தெரியாது. ஆனால் மருந்து ஒன்றையே நம்பக் கூடாது என்பதற்கு ஆர்க்கன்ஸா விஞ்ஞானிகள் செய்த ஒரு சோதனையே போதும். பருத்தி வயல்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சதுர மீட்டர் இடத்தில் மாத்திரம் 20,000 பால்மர் விதைகளை இட்டார்கள். ஒரே செடி உதிர்ப்பதில் அது ஒரு சிறு பகுதிதான். கிளைபோஸேட்டைத் தவிர வேறு பரிகாரம் செய்யவில்லை. மூன்றாம் வருஷத்தில் வயல் அநேகமாக முழுவதும் அந்தக் களையே நின்றது. அறுவடை செய்யப் பயிர் இல்லை.

அந்தச் செடியிடம் ஒரு பலவீனமும் உண்டு. அதன் விதைகளில் பெரும்பாலானவை மண்ணில் சில வருஷங்களுக்குள் முளைக்கும் சக்தியை இழந்துவிடுகின்றன. புதிய விதை விழாமல் பார்த்துக் கொண்டால் வயல் தானே சுத்தமாகும். ஆகையால் அங்கே அநேகர் பழைய வழிகளுக்குத் திரும்பியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் ரை என்ற தானியத்தை விதைத்து, அதைச் சாய்த்துத் தரையைப் போர்வை போல் மூடி, அதன் நடுவே சோயா விதைக்கிறார்கள். வரிசைகளை நெருக்கி விதைக்கிறார்கள். வெவ்வேறு முறையில் வேலை செய்யும் மருந்துகளை மாற்றி மாற்றி உபயோகிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அறுவடையின்போதே களை விதைகளை அரைத்துப் பொடியாக்கும் யந்திரம் வந்திருக்கிறது. ஜார்ஜியாவில் பருத்தி விவசாயிகள் ஆள் வைத்துக் கையாலேயே களை பிடுங்கினார்கள். இவ்வளவு விஞ்ஞானத்தையும் சுற்றி வந்து, கடைசியில் விதைக்கு முன் களையைப் பிடுங்கு என்ற பழைய பாடத்தில் வந்து நின்றது விவகாரம்.

நமது நாட்டில் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் ராஜஸ்தானத்திலும் விளைகிறது. மாளவத்துக் கரிசல் மண்ணில் மழைக் காலத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். களையெடுக்க வேண்டிய வாரத்தில் ஆள் இறங்க முடிவதில்லை. ஆகவே அங்கும் இமாஸெதாபிர் போன்ற களைக்கொல்லிகள் பெருகிவிட்டன. கானாவாழையும் கோரையும் அங்கேயும் நமக்குத் தெரிந்த உபத்திரவங்களே. களைக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய சோயா விதைக்கு இங்கே சாகுபடி அநுமதி கிடையாது. ஆனால் ஒரே மருந்தை வருஷந்தோறும் தெளிப்பதற்கு மரபணு மாற்றம் அவசியமில்லை, பழக்கமே போதும். இமாஸெதாபிர் மண்ணில் தங்கி, அடுத்து விதைக்கும் கடுகு முதலிய பயிர்களைப் பாதிக்கவும் கூடும். டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து அளவறிந்து தெளிப்பதும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அந்தப் பக்கத்தில் யாருடைய என்ன பயிர் நிற்கிறது என்று பார்ப்பதும் எல்லாச் சாகுபடிக்காரரும் கைக்கொள்ள வேண்டியவை. நேயர்களில் பலர் பட்டணத்தில் உத்தியோகம் பார்த்துக் கொண்டு ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பீர்கள். நெல்லுக்குக் களைக்கொல்லி தெளிக்கும் வயல்கள் நம் ஊரிலும் உண்டு. பக்கத்திலேயே ஒருவர் பருத்தியோ கத்தரியோ போட்டிருக்கக்கூடும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது குத்தகைக்காரரிடம் விளைச்சலைப் பற்றி விசாரிப்பதோடு, என்ன மருந்து தெளிக்கிறார், பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டிச் சொன்னாரா என்பதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

இன்று மாலை வீட்டில் கீரை ஆயும்போது அந்தத் தண்டைக் கையில் எடுத்துக் குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். ஒருவேளை அதற்காகவாவது அவர்கள் ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவார்கள்.